நாடாப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்

ஹைதராபாத் நகரின் மேற்கே உள்ள கச்சிபௌலி, கணிப்பொறித் தொழிலால் பெயர் பெற்ற வட்டாரம். ஆயினும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மேற்கொள்ளப்பட்ட பெரும் பணி ஒன்று வாணிபத்தைச் சார்ந்ததன்று. பழைய நூல்களைச் சார்ந்தது. 1998-இல் கச்சிபௌலியில் நிறுவப்பெற்ற சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துடனும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்துடனும் சேர்ந்து, பத்து லட்சம் நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிவருடிச் சேமிக்கும் திட்டத்தில் பங்கு கொண்டது. இத்திட்டத்தின் முதல்வர்களுள் ஒருவரான ராஜ் ரெட்டி, சித்தூர் மாவட்டத்துக் காட்டூரிற் பிறந்து, 1958-இல் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1994-இல் கணிப்பொறி விஞ்ஞானத்தின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் பரிசை அடைந்தவர். இந்தியாவில் இப்பணி ‘இந்திய டிஜிட்டல் நூலகம்’ என்ற பெயரில் நடைபெற்றது. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், உருது முதலிய மொழிகளில் மறு அச்சுக் காணாத நூல்கள் பல இவ்வாறு மின் வடிவம் பெற்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அச்சான நூல்களின் காகிதம், மரக்கூழில் தங்கிய அமிலத்தால் பழுத்து நொறுங்கும் இயல்புடையது. ஒரு நூலை விரித்து ஒளிவருடும்போதே அதன் முதுகு விட்டுப்போவதும் உண்டு. மறுமுறை அதே நூலை எடுத்து அதே பணியைச் செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. ஆதலின் எடுத்த படத்தைக் காத்தலே நூலைக் காத்தலாகிறது. இக்காப்புக்கு உலகெங்கும் பெரிய நிலையங்கள் இன்றளவும் நம்பியிருக்கும் சாதனம் காந்த நாடா. அந்நாடாவின் கொள்ளளவைப் பற்றி நிலவும் ஒரு தவறான எண்ணம், சிறு நிலையங்கள் பலவற்றின் திட்டங்களைக் கெடுக்கக் கூடியது. அதை விளக்க இந்நூல் திட்டத்தின் கணக்கே போதும்.

காந்த நாடா என்றதும் பழைய பாட்டு நாடா நினைவுக்கு வருமாயின், அது கழிந்துபோன சாதனம் என்ற எண்ணமும் உடன் வரும். உண்மை வேறு. 1952-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் கணிப்பொறி நாடாக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, ஒரு சுருள் சுமார் 20 லட்சம் எழுத்துக்களைக் கொண்டது. இன்று எல்.டி.ஓ. என்னும் பொது முறையில் அமைந்த ஒன்பதாம் தலைமுறை நாடாப் பெட்டி, அரை அங்குல அகலமும் 1,035 மீட்டர் நீளமும் கொண்ட நாடாவில் 18 டெராபைட் தாங்குகிறது. ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி பைட். நாடாவின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்களவே. அதன் மேல் 8,960 தடங்கள் எழுதப்படுகின்றன. அலமாரியில் வைத்த பெட்டிக்கு மின்சாரம் வேண்டா. கம்பித் தொடர்பு இல்லாமையால், தொலைவிலிருந்து புகும் தீய நிரல்கள் அதனை அணுகமாட்டா. 2022 நவம்பரில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, பாதிப்படையாத ஒரு காப்புப் பிரதி இருந்தமையால்தான் நோயாளர் பதிவுகளை மீட்க முடிந்தது. அப்பிரதி நாடாவிலன்று, வேறொரு கணிப்பொறியில் இருந்தது; எனினும் தாக்குதல் எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருத்தல் வேண்டும் என்பதற்கு அந்நிகழ்ச்சி தக்க சான்று.

கணக்குக்கு வருவோர் முதலில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 5 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள அச்சுப் பகுதியை, இத்திட்டத்திற் கையாண்டபடி அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால், 3,000 புள்ளி அகலமும் 4,800 புள்ளி உயரமும் கிடைக்கும். மொத்தம் 1 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை ஆதலின் ஒரு பிட் போதும். எட்டுப் பிட் ஒரு பைட். எனவே ஒரு பக்கம் 18 லட்சம் பைட். 300 பக்கமுள்ள நூல் 54 கோடி பைட். பத்து லட்சம் நூல்கள் 540 டெராபைட். 18 டெராபைட் பெட்டிகளில் ஏற்றினால் 30 பெட்டிகள் வேண்டும்.

ஆனால் படங்கள் அவ்வாறே சேமிக்கப்படவில்லை. தொலைநகல் யந்திரங்களுக்காக வகுக்கப்பட்ட ‘நான்காம் தொகுதி’ என்னும் சுருக்க முறை அவற்றுக்குப் பயன்பட்டது. அம்முறையின் சூட்சுமம் எளிது. அச்சிட்ட பக்கத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் அதற்கு மேல் வரிசையினின்று சிறிதே வேறுபடும். ‘ட’ என்னும் எழுத்தின் நிற்கும் கோடு நூறு வரிசைகளுக்கு அதே இடத்திலேயே தொடர்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் முழுவதும் எழுதாமல், மேல் வரிசையிலிருந்து எங்கே மாறியது என்பதை மட்டும் குறித்தால் போதும். வரிகளுக்கிடையே உள்ள வெற்றிடமும் ஓரங்களும் ஏறக்குறைய இடம் கொள்வதே இல்லை. இம்முறையால் ஒரு பக்கம் 100 கிலோபைட் அளவுக்கு, அதாவது பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று கொள்க. தெளிந்த அச்சில் இதைவிட நன்றாகவே சுருங்கலாம்; செல்லரித்துப் புள்ளி விழுந்து கறைபட்ட பக்கத்தில் விகிதம் குறையும். அக்கறைக்கு ஒழுங்கில்லை என்பதே காரணம். இதன்படி ஒரு நூல் 30 மெகாபைட். பத்து லட்சம் நூல்கள் 30 டெராபைட். முப்பது பெட்டி இரண்டு பெட்டியாகக் குறைந்தது. இழப்பு ஒரு புள்ளியும் இல்லை. விரித்தால் பழைய படம் அப்படியே வரும்.

அச்சிட்ட எண்ணின் விஷயம் இங்கேதான் எழுகிறது. மேற்சொன்ன 18 டெராபைட் பெட்டியை வாங்கி அதன் முகப்பைப் பார்த்தால், ‘45 டெராபைட்’ என்ற எண்ணும் அங்கே காணப்படும். சில விளம்பரங்களில் 45 பெரிய எழுத்திலும் 18 சிறிய எழுத்திலும் இருக்கும். நாடா ஓட்டும் டிரைவ் தானே தரவைச் சுருக்கி எழுதும் ஆற்றல் உடையது என்பதும், இரண்டரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது சுருக்கும் என்று உற்பத்தியாளர் கொண்டிருக்கிறார் என்பதும் இவ்வெண்ணின் பொருள். 18-ஐ இரண்டரையாற் பெருக்கினால் 45. முதல் ஐந்து தலைமுறைகளில் இவ்விகிதம் இரண்டுக்கு ஒன்றாக இருந்தது. 2012-இல் வந்த ஆறாம் தலைமுறையில், சுருக்கும் பகுதி முன் எழுதியதை நினைவிற் கொள்ளும் இடம் பெரிதாக்கப்பட்டது. அதைக் காட்டி விகிதம் இரண்டரையாக உயர்த்தப்பட்டது.

இப்போது 30 டெராபைட் நூற்படங்களைக் காக்க வேண்டிய ஒரு நிலையத்தின் கொள்முதல் குமாஸ்தா 45 என்ற எண்ணை நம்பினால், ஒரு பெட்டியே தாராளம் என்று எழுதுவார். இரவில் யந்திரத்தை ஓட்டிவிட்டு அனைவரும் வீடு செல்வர். ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்தில் 18 டெராபைட் எழுதப்பட்டு நாடா முடியும். அடுத்த பெட்டியை வைக்கும்படி டிரைவ் கேட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த பெட்டி இல்லை. அடுத்த நிதியாண்டில்தான் வரும். எழுதப்படாமல் நிற்பது 12 டெராபைட், அதாவது நான்கு லட்சம் நூல்கள். நூல்கள் மொழிவாரியாக ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருப்பின், கடைசியில் நிற்பவை எவை என்று சொல்ல வேண்டியதில்லை: தமிழ், தெலுங்கு, உருது. காப்புப் பிரதி எடுக்கப்பட்டதாக ஏட்டிற் பதிவாகியிருக்கும். குறை தெரியவருவது மூலப் பிரதி கெட்ட நாளில்தான்.

டிரைவ் ஏன் சுருக்கவில்லை? யந்திரத்தின் மேற் குற்றமில்லை. படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. ஆலையில் ஒருமுறை பிழிந்த கரும்பை மறுபடி ஆலைக்குட் செலுத்தினாற் சக்கைதான் வரும். எல்.டி.ஓ. டிரைவின் சுருக்கும் பகுதி இவ்வகையில் நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். வந்த தரவு சுருங்கவில்லை என்று கண்டால், சுருக்க முயலாமல் உள்ளபடியே எழுதிவிடும் வழி அதற்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வழி இல்லையெனில், சுருங்காத தரவு சுருக்கும் முயற்சியாற் சிறிது பெருத்தே போகும்.

சுருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லை கருவியின் திறமையைச் சார்ந்ததன்று, தரவின் தன்மையைச் சார்ந்தது என்பதும் 1948-இல் அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் நிறுவிய உண்மைகள். அவருடைய கணிதம் முழுவதையும் வகுப்பறைக்குக் கொணர வேண்டிய அவசியமில்லை. எட்டாம் வகுப்பு மாணவரும் உணரக்கூடிய ஒரு வாதம் போதும். மூன்று பிட் கொண்ட செய்திகள் எட்டு: 000 முதல் 111 வரை. இவை எட்டையும் மூன்று பிட்டுக்குக் குறைந்த குறியீடுகளால் எழுதவல்ல முறை ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொன்னால், குறைந்த குறியீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு பிட் கொண்டவை இரண்டு, இரு பிட் கொண்டவை நான்கு, ஆக ஆறு. எட்டுப் பேருக்கு ஆறு பாய் போதாது. இரு செய்திகளுக்கு ஒரே குறியீடு அமைந்தே தீரும். அமைந்தால் விரிக்கும்போது எது எது என்று தெரியாது.

இதையே சற்றுப் பெரிதாக்கலாம். 20 பிட் கொண்ட செய்திகள் 10,48,576. இவற்றைப் பாதியாக, அதாவது 10 பிட்டுக்கு மேற்படாமல் எழுத வேண்டுமாயின், கிடைக்கும் குறியீடுகள் 2,046 மட்டுமே. ஐந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகளுக்கு ஒன்று என்ற வீதத்தில்தான் பாதியாகச் சுருங்க முடியும். செய்தி நீள நீள இவ்வீதம் இன்னும் அற்பமாகும். ஆகவே எந்தத் தரவையும் பாதியாக்கும் கருவி என்று ஒன்று இருக்க முடியாது. முயற்சி போதாமையால் அன்று; எண்ணிக்கை இடங்கொடாமையால்.

அவ்வாறாயின் சுருக்கம் என்பதே எவ்வாறு நடைபெறுகிறது? மனிதர் எழுதுபவையும் கருவிகள் அளப்பவையும் சீரற்ற எண்களின் குவியல் அல்ல. அவற்றில் பழக்கமும் ஒழுங்கும் உண்டு. மழைமானியைக் கவனிக்கும் களப் பணியாளரின் ஏட்டை எடுத்துக்கொள்க. ஓர் ஊரில் சராசரியாகப் பத்து நாட்களில் ஒரு நாள் மழை பெய்கிறது. மழை நாளுக்கு 1, மற்ற நாளுக்கு 0 என்று குறிக்கப்படுகிறது. ஆயிரம் நாட்களுக்கு ஆயிரம் பிட். ஒரு நாள் மழைக்கும் மறுநாள் மழைக்கும் தொடர்பில்லை என்று கொண்டால், ஷானனின் சூத்திரப்படி இவ்வேட்டிற்கு வேண்டிய குறைந்த இடம் சுமார் 469 பிட். எவ்வளவு நுட்பமான முறையாயினும் சராசரியில் இதற்குக் கீழே இறங்காது. மழையும் வெயிலும் சரிபாதியாக, முன்னறிய முடியாதவாறு மாறி மாறி வருமாயின் ஆயிரம் பிட்டும் வேண்டும்; சுருக்கம் அறவே இல்லை. உண்மையில் மழை நாட்கள் கூட்டங்கூட்டமாக வருபவை. அவ்வொழுங்கையும் கணக்கிற் கொண்டால் 469-க்குக் கீழும் ஓரளவு இறங்கலாம். ஆயினும் அதற்கும் ஒரு தரை உண்டு. அத்தரையின் பெயர் என்ட்ரோப்பி. 1952-இல் டேவிட் ஹஃப்மன் கண்ட முறையும், 1977-லும் 1978-லும் இஸ்ரேலைச் சேர்ந்த ஸிவ், லெம்பெல் ஆகியோர் வெளியிட்ட முறைகளும் அத்தரையை நோக்கி இறங்கும் படிகளே. நாடா டிரைவ்களுட் பயன்படுவது லெம்பெல்–ஸிவ் வழியைச் சார்ந்த முறை.

தமிழ் ஆசிரியர்களுக்கு இன்னும் அணுக்கமான உதாரணம் ஒன்று உண்டு. யூனிகோட் முறையில், யூ.டி.எஃப். 8 என்னும் வடிவிற் சேமிக்கும்போது, ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்தாயினும் கணிப்பொறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். குறி ஒன்றுக்கு மூன்று பைட். ஆக 15 பைட். இம்மூன்றனுள் முதற் பைட் தமிழ்க் குறி எதற்கும் 224 என்ற எண்ணே. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது பைட்டில்தான் எழுத்தின் வேறுபாடு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ‘இது தமிழ், இது தமிழ்’ என்று யந்திரம் ஓயாது சொல்லிக்கொண்டே செல்கிறது. இத்தகைய கோப்பை எந்தச் சுருக்க நிரலிலிட்டாலும் அது வெகுவாகச் சுருங்குவதில் வியப்பில்லை. அவ்விகிதத்தைக் கண்டு நிரலின் பெருமை என்று மகிழ்வோர், அதே நிரலிற் கைபேசிப் புகைப்படம் நூற்றை இட்டுப் பார்த்தல் நலம். கைபேசி எடுக்கும் ஜேபெக் படம் எடுக்கும்போதே சுருக்கப்பட்டது. நிரல் அதனின்று நூறில் ஓரிரு பங்கு கழித்தாலே அதிகம். ஒலிப்பதிவும் வீடியோவும் அவ்வாறே. இரகசியக் குறியீடிட்ட கோப்பு இன்னும் மோசம். அதன் நோக்கமே ஒழுங்கு வெளித்தெரியாமற் செய்வது ஆதலின், சுருங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சுருக்க வேண்டுமாயின் குறியீடிடுவதற்கு முன்னர்ச் சுருக்க வேண்டும். முறை மாறினாற் பயனில்லை.

எனவே இரண்டரைக்கு ஒன்று என்பது பொய்யும் அன்று, மெய்யும் அன்று. கணக்கேடுகள், கடிதங்கள், தொகுக்கப்படாத எண் அட்டவணைகள் ஆகியவை நிறைந்த அலுவலகத்தில் அது நிறைவேறலாம், மிஞ்சவும் செய்யலாம். இன்று காக்கப்படும் பெருந்தரவு பெரும்பாலும் படமும் ஒலியும் வீடியோவுமே ஆதலின், அவ்வெண்ணை முகப்பில் அச்சிடுவது வாங்குவோரை வழிதவறச் செய்கிறது. ஒரு வண்டியின் கொள்ளளவைச் சொல்லும்போது, ஏற்றும் பஞ்சை அமுக்கினால் எவ்வளவு கொள்ளும் என்று யாரும் பலகையில் எழுதுவதில்லை. ஏற்றுவது பஞ்சா இரும்பா என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது அல்லவா?

சுருக்கத்தின் எல்லையை அறியாமையால் வரும் அபாயம் மற்றொன்று உண்டு. அது முன்னதினும் கொடிது. எல்லைக்குக் கீழே இறங்க வேண்டுமாயின் வழி ஒன்றே: தரவின் ஒரு பகுதியைத் துறப்பது. துறப்பது எது என்று அறிந்து துறந்தாற் குற்றமில்லை. 2005 மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், தன் படங்களை ஜேபெக் முறையில் சுமார் 3.2-க்கு 1 என்ற அளவுக்குச் சுருக்கியே பூமிக்கு அனுப்பியது. இல்லையேல் வானொலி அலைவரிசை இடங்கொடாது. ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் அதனை ஷாத்நகர் நிலையத்திற் பெற்றுக்கொண்டது. சிறிதளவு நயம் குறைந்தாலும் நிலப்படம் தயாரிக்க அது போதும் என்று முன்னரே ஆராய்ந்து செய்த ஏற்பாடு அது. நூற்பக்கத்தின் நிலை அத்தகையதன்று.

2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணிப்பொறி விஞ்ஞானி டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் கம்பெனியின் சில பிரதி யந்திரங்கள் ஒளிவருடிய ஆவணங்களில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டு வெளியிட்டார். 6 என்று இருந்த இடத்தில் 8 வந்தது. கட்டட வரைபடத்தில் அறையின் பரப்பளவு மாறியது. படம் மங்கவில்லை, எழுத்து சிதையவில்லை, தெளிவான தவறான எண் அங்கே நின்றது. காரணம், ஜேபிக்-2 என்னும் சுருக்க முறையின் ஒரு வகை. அது பக்கத்தில் ஒத்த வடிவங்களைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டுகிறது. சிறிய எழுத்தில் 6-உம் 8-உம் ஒத்தவையென்று யந்திரம் கொண்டுவிட்டது. கம்பெனி பின்னர்த் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் இம்முறை பழந்தமிழ் அச்சில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரகரத்துக்கும் நெடிலின் காலுக்கும் வேறுபாடு காண்பதே அரிதான அச்சுக்கள் உண்டு. ன, ண இரண்டும் சுழியின் எண்ணிக்கையில் மட்டுமே மாறுபடுபவை. மை பரவிய பக்கத்தில் ஒரு சுழி மறைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். பாடபேதம் ஆராயும் புலவர், பதிப்பாசிரியர் கொண்ட பாடம் இது என்று எண்ணி அதன்மேல் உரையும் வகுப்பார். நான்காம் தொகுதி முறை பழையதாயினும், சற்று அதிக இடம் கொள்வதாயினும், ஒரு புள்ளியையும் மாற்றுவதில்லை. நூற்காப்புக்கு அதுவும் அதனையொத்த இழப்பற்ற முறைகளுமே தக்கவை. இடச் சிக்கனம் கருதி இழப்புள்ள முறைக்கு மாறுவோர் பணத்தை மிச்சப்படுத்தவில்லை; நூலைச் செலவிடுகின்றனர்.

இவ்வளவும் கொண்டு பார்க்கையில், நாடா வாங்கும் நிலையங்களும் அவற்றுக்கு விவரம் எழுதியனுப்பும் கள அலுவலகங்களும் செய்ய வேண்டியது தெளிவு. ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பில் ‘சுருக்கப்படாத கொள்ளளவு’ என்ற சொல்லையே எழுத வேண்டும். மற்ற எண் எங்கும் வரலாகாது. வேகத்துக்கும் இது பொருந்தும். ஒன்பதாம் தலைமுறை டிரைவின் வேகம் வினாடிக்கு 400 மெகாபைட். விளம்பரத்தில் 1,000 என்றிருப்பதும் அதே இரண்டரை மடங்கின் விளைவு. தரவு வரும் வேகம் மிகக் குறைந்தால் நாடா நின்று, பின்சென்று, மீண்டும் ஓடித் தேயும். பக்கத்துக்கு ஒரு சிறு கோப்பாக லட்சக்கணக்கில் உள்ளவற்றை நூல் நூலாகவோ அலமாரி அலமாரியாகவோ ஒரே பெருங்கோப்பாகக் கட்டி ஏற்றினால் இத்தொல்லை குறையும்.

சுருக்க விகிதம் தெரியவேண்டுமாயின் விளம்பரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தம்மிடமுள்ள தரவில் எல்லா வகையும் அடங்குமாறு நூறு கிகாபைட் எடுத்து, சாதாரணச் சுருக்க நிரலிலிட்டு, முன்னும் பின்னும் அளந்தால் அரை நாளில் விடை கிடைக்கும். கிடைத்த விகிதம் ஒன்றுக்கு ஒன்றாயின் வருந்த வேண்டியதுமில்லை. முன்னமே ஒருவர் அப்பணியைச் செவ்வனே செய்திருக்கிறார் என்பதே பொருள். மேலும் ஒரு சிறு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 18 டெராபைட் பெட்டியைச் சில நிரல்கள் 16.4 என்று காட்டும். பெட்டியில் குறையில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். நிரல் 1,024 ஆகப் பெருக்குகிறது.

கணக்கிட்ட பெட்டிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குவது அடுத்தது. ஒரே அறையில் இரு பிரதிகள் இருப்பது ஒரு பிரதிக்குச் சமானம். ஒன்று வேறு ஊரில் இருத்தல் வேண்டும். 30 டெராபைட்டுக்கு இரண்டு பெட்டி. இரு பிரதிக்கு நான்கு. 45 என்ற எண்ணை நம்பியவர் இரண்டு பெட்டிக்கே திட்டம் அனுப்பியிருப்பார். இவ்விரண்டு பெட்டி வேறுபாடு எந்த நிலையத்தையும் ஏழையாக்கிவிடாது. முன்பே கேட்டால் எளிதிற் கிடைப்பது, பின்பு கேட்டால் விளக்கம் எழுதி ஓராண்டு காத்திருந்து பெற வேண்டியதாகிறது.

நீண்ட காலம் வைக்கும் நாடாவுக்கு 16 முதல் 25 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும் நூற்றுக்கு 20 முதல் 50 வரை ஈரப்பதமும் தக்கவை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டாவது நிபந்தனை முதலாவதினும் கடினம். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில் இருப்பதால் கடலோர ஊர்களின் புழுக்கம் அங்கு இல்லை. ஆதலின் கடற்கரை நிலையங்கள் இரண்டாம் பிரதியை உள்நாட்டு ஊர் ஒன்றில் வைப்பது நலம்.

உற்பத்தியாளர் நாடாவுக்கு முப்பது ஆண்டு ஆயுள் கூறுவதுண்டு. ஆனால் நாடா இருந்தாலும் அதை ஓட்டும் டிரைவ் இருக்க வேண்டுமே. ஏழாம் தலைமுறை வரை, ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டும் ஒன்பதும் ஒரு தலைமுறை மட்டுமே பின்னோக்கிப் படிக்கும். 2025-இல் சுருக்கப்படாத கொள்ளளவு 30 டெராபைட்டாக வெளிவந்த பத்தாம் தலைமுறை டிரைவ், தன் தலைமுறை நாடா அன்றி வேறெதையும் படிக்காது. இனி வரவிருக்கும் தலைமுறையின் அளவை நம்பி இன்றைய திட்டத்தைச் சிறிதாக்குவதும் கூடாது. ஒன்பதாம் தலைமுறைக்கு முதலில் 24 டெராபைட் என்று குறித்திருந்ததை 2020-இல் 18 ஆகக் குறைத்தே வெளியிட்டனர்.

இந்திய டிஜிட்டல் நூலகத்தின் இணையத்தளத்தை இன்று தேடுவோர் காணமாட்டார். 2017-ஐ ஒட்டிய காலத்தில் அது வாசகர்க்குக் கிட்டாமற் போயிற்று. ஆயினும் அதன் நூல்களுட் பல லட்சம், அமெரிக்காவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகத்தில் முன்னரே பிரதி செய்து வைக்கப்பட்டிருந்தமையால், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மாணவர் இப்போதும் அவற்றைப் படிக்க முடிகிறது. அப்பிரதிக்கு இடம் ஒதுக்கியவர்கள் படங்களின் உண்மையான அளவைக் கணக்கிட்டே ஒதுக்கியிருக்க வேண்டும். நம் நாட்டு நிலையங்களில் ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, நாட்டுப்பாடல் ஒலிப்பதிவு ஆகியவற்றை மின் வடிவாக்கும் பணிகள் பல நடைபெற்று வருகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றின் திட்ட அறிக்கையிலும் காப்புப் பிரதிக்கென ஒரு வரி இருக்கும். அவ்வரியில் எழுதியிருப்பது பெட்டியின் பெரிய எண்ணா, சிறிய எண்ணா என்பதை அறிக்கை கையெழுத்தாகுமுன் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.